துருவுக்கு மேல பெயின்ட் அடிக்காதீங்க

ஓம் சரவணபவ!



போன சஷ்டிக்கு நம்ம குரூப்ல ஒரு தம்பி கேட்ட கேள்வி இது: "அண்ணா, மூணு வருஷமா மாசாமாசம் சஷ்டி விரதம் இருக்கேன். ஸ்டேட்டஸ்ல தினமும் வேல் வைக்கிறேன். ஆனா என்கிட்ட இருக்கிற கெட்ட பழக்கம் மட்டும் போகவே இல்ல. முருகன் என்னைப் பார்க்கலையா?"

அந்தத் தம்பிக்கு மட்டும் இல்ல, நம்ம எல்லாருக்குள்ளயும் இந்தக் கேள்வி இருக்கு. இதுக்கு நான் ஒரு கார் பட்டறையில கத்துக்கிட்டதை வச்சே பதில் சொல்றேன். கொஞ்சம் பொறுமையா படிங்க.

எங்க ஊரு சந்தவாசல். ஆடி வெள்ளிக்குப் படவேடு ரேணுகாம்பாளைப் பார்க்கப் போறவங்களுக்கு இந்த ஊர் தெரிஞ்சிருக்கும், எங்க ஊர்லதான் திரும்பணும். எங்க பெரியப்பாகிட்ட 1984 மாடல் அம்பாசிடர் ஒண்ணு இருக்கு, மார்க் 4. ஒரு காலத்துல சுத்துவட்டாரத்துல மாப்பிள்ளை அழைப்புன்னா அந்த வண்டிதான். கொல்கத்தா பக்கத்துல உத்தர்பாராவுல 1950கள்ல இருந்து செஞ்சுக்கிட்டு வந்த அம்பாசிடரை, 2014 மே மாசம் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் நிறுத்திட்டாங்க. இனிமே புதுசா வராது. அதனால பெரியப்பா அதை விக்க மனசு வராம, ஆரணியில ஒரு டிங்கர் அண்ணன்கிட்ட விட்டார். லீவுக்கு வந்திருந்த நான் கூடவே நின்னு பார்த்தேன்.

தட்டிப் பார்த்தாதான் தெரியும்

வெளியில இருந்து பார்த்தா வண்டி பளபளன்னு இருந்துச்சு. கதவுக்குக் கீழ, முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவுல நீளமா ஒரு பெட்டி மாதிரி ஓடும். பட்டறையில அதை ரன்னிங் போர்டுன்னு சொல்றாங்க. அதுல ரெண்டு மூணு இடத்துல பெயின்ட் சின்னதா கொப்புளம் மாதிரி உப்பியிருந்தது. அவ்வளவுதான்.

டிங்கர் அண்ணன் சின்னச் சுத்தியை எடுத்து வரிசையா தட்டிக்கிட்டே வந்தார். நல்ல தகடு 'டங்'னு சொல்லுச்சு. கொப்புளம் இருந்த இடம் 'பொத்'துன்னு சொல்லுச்சு. ஸ்க்ரூ டிரைவரை வச்சு லேசா அழுத்தினார், பிடி வரைக்கும் உள்ள போயிடுச்சு! எப்பவோ ஏதோ ஒரு பட்டறையில ஓட்டைக்குள்ள சாக்குத் துணியைத் திணிச்சு, மேல கனமா பட்டி பூசி, பெயின்ட் அடிச்சு அனுப்பியிருக்காங்க.

அண்ணன் சொன்னார்: "தம்பி, வெளிய இருந்து வர்ற துரு வேற, உள்ள இருந்து வர்ற துரு வேற. கொப்புளம் வெளிய தெரியுதுன்னா, உள்ள அது பல வருஷமா தின்னுக்கிட்டு இருந்திருக்குன்னு அர்த்தம்."

இது ஏன் பெரிய விஷயம்னா, அம்பாசிடர்ல லாரிக்கு இருக்கிற மாதிரி அடியில தனியா முழுநீள சேஸ் கிடையாது. பாடிதான் அதுக்கு எலும்பு. அந்த ரன்னிங் போர்டு பெட்டிதான் வண்டியோட முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் தாங்கிப் பிடிக்குது. அது போச்சுன்னா நடுவுல தொய்யும், கதவு சரியா மூடாது. ஜாக்கி வச்சா தூக்காம உள்ள இறங்கும். எங்கயாவது மோதினா, உள்ள இருக்கிறவங்களைக் காப்பாத்த அங்க இரும்பே இருக்காது.

துருவோட குணமும் அப்படி. அலுமினியத்து மேல படியற ஆக்சைடு அடியில இருக்கிறதைக் காப்பாத்தும். இரும்புத் துரு காப்பாத்தாது. பொலபொலன்னு உதிர்ந்து அடுத்த அடுக்கைத் தண்ணிக்கும் காத்துக்கும் காட்டிக் கொடுக்கும். அது இரும்பை விடப் பல மடங்கு இடத்தைப் பிடிக்கிறதால, ரெண்டு தகடு சேர்ற இடத்தை உள்ள இருந்தே பிளக்கும். மேல பட்டி பூசினா நிக்காது. உள்ள ஈரம் மாட்டிக்கிட்டு இன்னும் வேகமா போகும்.

தம்பி, உன் கேள்விக்குப் பாதி பதில் இங்கயே இருக்கு. ஸ்டேட்டஸ் வேல், கையில கயிறு, நெத்தியில விபூதி எல்லாம் நல்லதுதான். நான் குறை சொல்லல. ஆனா உள்ள இருக்கிற ஓட்டையை மறைக்க அதைப் பூசினோம்னா, அது பட்டி வேலை. முருகன் கையில இருக்கிறது பட்டி பூசற தகடு இல்ல, வேல். வேலுக்கு மறைக்கத் தெரியாது. ஊடுருவத்தான் தெரியும்.

வெட்டறதுக்கு முன்னாடி முட்டுக் கொடு

நான் நினைச்சேன், இனி கிரைண்டரை எடுத்து வெட்டிடுவார்னு. அவர் அன்னிக்கு ஒரு வெட்டு கூட வெட்டல.

முதல்ல பேட்டரியைக் கழட்டினார். பெட்ரோல் டேங்க்கை இறக்கித் தள்ளி வச்சார். சீட்டு, கார்பெட் எல்லாம் வெளிய. நெருப்புப் பொறி பறக்கிற வேலை இல்லையா? அப்புறம் வண்டியைச் சமமா நிறுத்தி, அடியில நாலஞ்சு இடத்துல ஸ்டாண்டு கொடுத்தார். கதவு வாசலுக்குக் குறுக்கே இரும்புக் குழாயை வச்சு வெல்டு பண்ணினார். கதவு இடைவெளியை எல்லாம் அளந்து சாக்பீஸ்ல எழுதினார். "முட்டுக் கொடுக்காம வெட்டினா பாடி தொய்ஞ்சிடும் தம்பி. தொய்ஞ்சதை அப்படியே வெல்டு பண்ணிட்டா, வண்டி ஆயுசுக்கும் கோணல்தான். ஒரு பக்கம் முடிச்சுட்டுத்தான் மறுபக்கம் தொடணும்."

இதைக் கேட்டதும் எனக்கு அருணகிரிநாதர் ஞாபகம்தான் வந்தது. நம்ம மாவட்டத்துச் சொத்து அவர். திருவண்ணாமலையில, வாழ்க்கை வெறுத்துப் போய் வல்லாள மகாராஜா கோபுரத்துல இருந்து விழுந்தவரை முருகன் என்ன செஞ்சான்னு சொல்றாங்க? முதல்ல அறிவுரை சொல்லல. கணக்கு கேக்கல. தாங்கிப் பிடிச்சான். திருத்தினது, பாட வச்சது எல்லாம் அதுக்கு அப்புறம்தான். முதல் வேலை முட்டுக் கொடுக்கிறது.

எனக்குத் தெரிஞ்ச ஒரு பையன், நம்ம வயசுதான், ஆன்லைன் விளையாட்டுல பணத்தை விட்டான். அதை அடைக்க லோன் ஆப். அந்த லோனை அடைக்க இன்னொரு லோன் ஆப். வீட்ல யாருக்கும் தெரியாது. அப்பா தறியில உக்காந்து நெய்யறவர். பையன் வெள்ளிக்கிழமை தவறாம கோயிலுக்கு வருவான், சிரிச்ச முகமா இருப்பான். உள்ள எல்லாம் 'பொத்'துன்னு போயிருந்தது. ஒரு நாள் ராத்திரி அவங்க அக்காகிட்ட மட்டும் வாயைத் திறந்தான். அந்த அக்கா திட்டல. "எவ்வளவுன்னு எழுது, நாளைக்கு உக்காந்து பாக்கலாம்"னு சொன்னாங்க. அவனுக்கு முருகன் கொடுத்த முட்டு அந்த அக்காதான். அதுக்கப்புறம்தான் ஆப்பை அழிச்சான், அப்பாகிட்ட சொன்னான், கடனை ஒவ்வொண்ணா அடைச்சுக்கிட்டு வர்றான். இன்னும் முடியல. ஆனா இப்ப தட்டினா 'டங்'னு சத்தம் வருது.

இப்படி மாட்டிக்கிட்டு யாராவது இதைப் படிச்சா, தயவுசெஞ்சு கேளுங்க: தனியா வெட்ட ஆரம்பிக்காதீங்க. முதல்ல ஒரே ஒருத்தர்கிட்ட சொல்லுங்க. லோன் ஆப் காரங்க மிரட்டினா 1930க்கு போன் பண்ணிப் புகார் கொடுங்க. மனசு ரொம்பத் தாங்கலைன்னா 14416, டெலி மானஸ். தமிழ்லயே பேசலாம். அதுவும் முருகன் நீட்டற கைதான்.

நல்ல இரும்பு வர்ற வரைக்கும் வெட்டு

மறுநாள் வெட்டினார். பார்க்கவே பயமா இருந்தது. நான் "போதும்ணா, இதுக்கு மேல லேசாத்தான் இருக்கு"ன்னு சொன்னேன். அவர் நிறுத்தல. "துருப்பிடிச்ச தகட்டு ஓரத்துல வெல்டு நிக்காது தம்பி, பொத்துக்கிட்டுப் போகும். வெள்ளையா நல்ல இரும்பு தெரியற இடம் வரைக்கும் போகணும். ஆனா நல்ல இரும்புல ஒரு இஞ்சு கூட வீணா எடுக்கக் கூடாது."

அப்புறம் 18 கேஜ் தகட்டை அதே வடிவத்துக்கு மடிச்சு வச்சார். ஒரே இழுப்பா வெல்டு பண்ணல. இங்க ஒரு புள்ளி, ஒரு சாண் தள்ளி ஒரு புள்ளி, ஆற விட்டு மறுபடி நடுவுல. ஒரே இடத்துல சூடு ஏத்தினா தகடு நெளிஞ்சிடுமாம். விரதத்துக்கும் இது பொருந்தும். ஒரே நாள்ல எல்லாத்தையும் மாத்தறேன்னு சபதம் எடுத்து, மூணாவது நாள் நெளிஞ்சு போறவங்கதான் நம்மள்ல அதிகம். மாசாமாசம் ஒரு சஷ்டி வச்சிருக்காங்களே, அது ஒவ்வொரு புள்ளியா வைக்கிற வெல்டு.

எல்லாத்தையும் வெட்டணுமா?

இல்ல. தரைத் தகட்டுல சில இடத்துல துரு மேலாப்புலதான் இருந்தது. அடியில தகடு கெட்டி. அதை அண்ணன் வெட்டல. வயர் பிரஷ் போட்டுத் தேய்ச்சு, உதிர்றதெல்லாம் உதிர்த்து, அப்புறம் ரஸ்ட் கன்வர்ட்டர் தடவினார். அதுல பாஸ்பாரிக் அமிலம் இருக்கும். சிலதுல கடுக்காய்ல இருக்கிற மாதிரி டானின் இருக்கும். அது துருவோட சேர்ந்து, துருவையே கறுப்பா, கெட்டியா ஒரு படலமா மாத்திடும். தின்னுக்கிட்டு இருந்ததே காவலா மாறிடுது.

இந்த இடத்துல எனக்குச் சிலிர்த்துப் போச்சு. கச்சியப்ப சிவாச்சாரியார் காஞ்சிபுரம் குமரகோட்டத்துல அரங்கேற்றின கந்தபுராணத்துல போரோட முடிவுல என்ன நடக்குது? சூரபத்மன் கடல்ல மாமரமா நிக்கிறான். வேல் பாயுது, ரெண்டா பிளக்குது. ஒண்ணு மயில், ஒண்ணு சேவல். எதிர்த்து நின்னவனையே வாகனமாவும் கொடியாவும் தன் பக்கத்துல வச்சுக்கிட்டான் நம்ம அப்பன். ஆனா வேல் பாய்ஞ்ச அப்புறம்தான் மயில். பிளக்காம மாறல. பிரஷ் போடாம கன்வர்ட்டர் தடவினா பிடிக்காது, அதே மாதிரி.

உன் கோபம், உன் பிடிவாதம் எல்லாம் அடியில கெட்டி இரும்பு இருக்கிற துருவா இருக்கலாம். அதை முருகன்கிட்ட கொடு, மயிலாக்கித் தருவான். ஆனா சூதாட்டம், போதை, பொய்க் கணக்கு மாதிரி ஓட்டை விழுந்த இடம்னா அது மாறாது, வெட்டணும். எது எதுன்னு தட்டிப் பார்த்துத் தெரிஞ்சுக்கிறதுதான் பக்தியோட முதல் படி.

ஓட்டையை அடைக்காதே

கடைசியா ஒண்ணு. இந்தப் பெட்டி ஏன் துருப்பிடிச்சது? கீழ தண்ணி வடியறதுக்குச் சின்னச் சின்னத் துளை விட்டிருப்பாங்க. சேறும் பழைய பெயின்ட்டும் சேர்ந்து அதை அடைச்சிருச்சு. ஒவ்வொரு மழைக்கும் உள்ள போன தண்ணி வெளிய வரல. அவ்வளவுதான் காரணம். அண்ணன் வேலை முடிச்சதும் உள்பக்கம் மெழுகு ஸ்பிரே அடிச்சார். துளையை மட்டும் திறந்தே விட்டார். "வருஷா வருஷம் மழைக்கு முன்னாடி ஒரு கம்பியை விட்டுக் குத்திப் பாருங்க"ன்னு பெரியப்பாகிட்ட சொல்லி அனுப்பினார்.

நமக்கும் மழை வரும். ஆபீஸ்ல அவமானம், பரீட்சையில தோல்வி, மனசு உடையறது, எல்லாம் வரும். தண்ணி உள்ள வர்றது பாவம் இல்ல. வடிய வழி இல்லாம தேங்கறதுதான் ஆபத்து. தினமும் ராத்திரி போனைத் தூர வச்சுட்டு, முருகன் முன்னாடி அஞ்சு நிமிஷம் உக்காந்து அன்னிக்கு நடந்ததை அப்படியே சொல்லுங்க. அழுகை வந்தா அழுங்க. அதுதான் வடிகால்.

வர்ற சஷ்டிக்கு எல்லாரும் இதை மட்டும் செய்யலாம்:

1. உங்களையே ஒரு முறை தட்டிப் பாருங்க. 'பொத்'துன்னு சொல்ற ஒரே ஒரு இடத்தைக் கண்டுபிடிங்க.
2. அதை நம்பிக்கையான ஒருத்தர்கிட்ட சொல்லுங்க. முட்டு வேணும்.
3. அது வெட்டவேண்டியதா, மாத்தவேண்டியதான்னு முருகன் முன்னாடி நின்னு முடிவு பண்ணுங்க.
4. ஒரு சஷ்டிக்கு ஒரு புள்ளி. அவசரம் வேண்டாம்.

கேள்வி கேட்ட தம்பி, முருகன் உன்னைப் பார்க்கலைன்னு நினைக்காதே. "ஏன் மாறல"ன்னு உன்னைக் கேக்க வச்சதே அவன் சுத்தியலோட முதல் தட்டுதான்.

வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா!