நாளைக்கும் விழும் இலை

தைப்பூசத்துக்கு முந்தின ஞாயிறு நம் கிளையிலிருந்து இருபது பேர் கோயில் வளாகத்தைச் சுத்தம் செய்யப் போனோம். ஒரு காலத்தில் அது தோட்டக் கோயில். தோட்டம் கைமாறி, சுற்றிலும் தாமான் வந்துவிட்டது. கோயிலுக்குப் பின்னால் மட்டும் பழைய ரப்பர் மரங்கள் கொஞ்சம் மிச்சம் நிற்கின்றன. முன்வாசலில் ஓர் அரச மரம்.

நம் நாட்டில் இலையுதிர் காலம் ஏது என்று கேட்பவர்கள் இந்த மாதங்களில் ரப்பர் மரத்தடியில் ஒரு நாள் நின்று பார்க்க வேண்டும். பச்சை இலை மஞ்சளாகி, செம்பழுப்பாகி, காற்று லேசாக அடித்தாலே சலசலவென்று கொட்டும். தாத்தா பாட்டி காலத்தில் அது நின்று ரசிக்கிற பருவம் இல்லை. இலை கொட்டித் துளிர் விடும் சமயத்தில் பால் குறையும். பால் குறைந்தால் கைக்கு வரும் காசும் குறையும்.

இரண்டு மணி நேரம் கூட்டினோம். வாசல் பளிச்சென்று ஆனது. பதாகையைப் பிடித்துக்கொண்டு படமும் எடுத்தோம். நாசி லெமாக் பொட்டலத்தைப் பிரித்து உட்கார்ந்தபோது ஒரு காற்று வீசியது. பாதி வாசல் மறுபடியும் இலை.

"எழுந்திருங்க, இன்னொரு தரம் கூட்டிடலாம்" என்றேன். ஐந்தாம் படிவம் படிக்கும் தம்பி ஒருவன் அசையவில்லை.

"அண்ணே, நாளைக்கும் விழத்தானே போகுது? பலனை எதிர்பார்க்காம கடமையைச் செய்யணும்னு சமய வகுப்புல நீங்கதானே சொன்னீங்க. நாம செஞ்சாச்சு. அது நிக்கலன்னா நமக்கென்ன?"

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் பதில் வரவில்லை. அந்த வகுப்பை எடுத்தது நான்தான்.

வீட்டுக்குப் போய்க் கீதையின் இரண்டாம் அத்தியாயம், 47-ஆம் சுலோகத்தைத் திரும்பப் படித்தேன். அதில் நான்கு செய்திகள் இருக்கின்றன. செயலில்தான் உனக்கு உரிமை, பலனில் இல்லை என்ற முதல் இரண்டை நாம் டி-சட்டையில்கூட அச்சடித்துப் போட்டுக்கொள்கிறோம். பலனுக்காகவே செயலைச் செய்கிறவனாக இருக்காதே என்பது மூன்றாவது. சும்மா இருப்பதிலும் பற்று வைக்காதே என்பது நான்காவது. இந்த நான்காவதை நான் வகுப்பில் ஒரு தடவைகூடச் சொன்னதாக ஞாபகம் இல்லை. தம்பி நசி லெமாக்கோடு உட்கார்ந்த இடம் அதுதான்.

அதோடு 'பலன்' என்ற ஒரே சொல்லில் இரண்டு வேறு விஷயங்களைப் போட்டுக் குழப்பிவிட்டோம் என்று எனக்குப் படுகிறது. இலையைக் கூட்டுவதற்கு ஒரு நோக்கம் உண்டு. மழை பெய்தால் அழுகிய இலையில் வயதானவர்கள் வழுக்கி விழுவார்கள். கால்வாயில் இலை அடைத்துத் தண்ணீர் தேங்கினால் ஏடிஸ் கொசு முட்டையிடும். அது கொசுவாகிப் பறக்க ஏறத்தாழ ஒரு வாரம் போதும். காவடி தூக்குகிறவர் வெறுங்காலோடு வருவார். இதெல்லாம் நடந்தாலும் நடக்காவிட்டாலும் எனக்கு ஒன்றுதான் என்று ஒருவன் கூட்டினால் அவனைக் கர்மயோகி என்று சொல்ல மாட்டேன், பொறுப்பில்லாதவன் என்பேன். வேலையின் நோக்கம் வேறு, வேலை செய்தவனுக்கு வந்து சேருவது வேறு. படம், பாராட்டு, பதாகை இவை இரண்டாவது வகை என்று எல்லாருக்கும் தெரியும். 'முடிச்சாச்சு' என்கிற அந்தத் திருப்தியும் அதே வகைதான் என்பது எனக்கு அந்தக் காற்று வீசிய பிறகுதான் புரிந்தது. எங்களுக்குக் கோபம் வந்தது வாசல் அசுத்தமாகிவிட்டதே என்பதால் இல்லை. முடித்துவிட்டோம் என்ற பெருமையை இலை கலைத்துவிட்டது, அதனால்தான்.

திருநாவுக்கரசர் கையில் உழவாரத்தோடு கோயில் கோயிலாகப் போனவர். அவருடைய அக்கா திலகவதியார் திருவதிகையில் பொழுது விடியும் முன்பே திருவலகால் கூட்டி மெழுகியவர். திருப்புகலூரில் அப்பர் புல் செதுக்கிக்கொண்டிருந்தபோது மண்ணில் பொன்னும் மணியும் மின்னியதையும், அவர் அவற்றைப் பருக்கைக் கல்லோடு சேர்த்து அள்ளிக் குளத்தில் எறிந்ததையும் பெரிய புராணத்தில் சேக்கிழார் சொல்கிறார். ஆசையை வென்றவர் என்று காட்டவே இந்தக் கதையை நாம் சொல்வது வழக்கம். எனக்கு இப்போது வேறொன்றும் தெரிகிறது. வெறுங்காலில் நடக்கிறவர்களுக்குக் கல்லும் குத்தும், மணியும் குத்தும். அவர் கண் அந்த வாசலிலேயே இருந்தது. செதுக்கிய இடத்தில் அடுத்த மழைக்குப் புல் முளைத்திருக்கும். அதற்காக அவர் உழவாரத்தைக் கீழே வைத்துவிடவில்லை.

இதையெல்லாம் தம்பியிடம் சொல்லலாம் என்று மறுநாள் சாயங்காலம் அவனைக் கோயிலுக்கு வரச் சொன்னேன். அங்கே தினமும் காலை ஆறு மணிக்கு வாசல் கூட்டும் பாட்டி ஒருவர் இருக்கிறார். "பாட்டியைப் பாருடா, பலனை எதிர்பாராத தொண்டுன்னா அதுதான்" என்று முடிக்க நினைத்திருந்தேன். போனால், பாட்டி இடுப்பைப் பிடித்துக்கொண்டு கால்வாய் ஓரமாகக் குனிந்து நிற்கிறார்.

"நேத்து நீங்க கூட்டுனதெல்லாம் இதுக்குள்ள தள்ளிட்டுப் போயிட்டீங்க தம்பி. காலையில இருந்து அள்ளிக்கிட்டு இருக்கேன்."

நான் வாயைத் திறக்கவில்லை. பற்றில்லாமல் வேலை செய் என்பது எனக்கு நானே சொல்லிக்கொள்ள வேண்டிய பேச்சு. அடுத்தவர் முதுகைக் காட்டி அதற்கு உதாரணம் சொல்வது ரொம்பச் சுலபம். பாட்டிக்குத் தீபாவளிக்கு ஏதோ கொஞ்சம் கொடுக்கிறார்கள் என்று அன்றைக்குத்தான் விசாரித்துத் தெரிந்துகொண்டேன். மாதா மாதம் கொடுக்கலாமே என்று நிர்வாகத்தில் கேட்டோம். "தொண்டுக்குக் காசு கொடுத்தா அது தொண்டா?" என்றார் ஒருவர். குருக்களுக்குச் சம்பளம் உண்டு, நாதஸ்வரக்காரருக்கு உண்டு. அதனால் அவர்கள் பக்தி கெட்டுப்போனதாக யாரும் சொன்னதில்லை. விளக்குமாறு பிடிக்கிற கைக்கு மட்டும் ஏன் இந்தக் கணக்கு? விஷயம் அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிப் போயிருக்கிறது. நாங்களும் மறுபடி கேட்போம்.

இப்போது ஞாயிறுதோறும் முறை வைத்து நான்கு நான்கு பேராகப் போகிறோம். முன்பு போலக் குவித்துக் கொளுத்துவது கிடையாது. திறந்தவெளியில் எரிப்பதைச் சுற்றுச்சூழல் தரச் சட்டம் 1974 தடுக்கிறது. எரித்தால் புகை பக்கத்து வீட்டுக்காரர்களுக்குத்தான் போகும். முன்வாசல் இலையை மட்டும் அள்ளி, மூலையில் மண்ணும் தண்ணீரும் சேர்த்து மட்க விடுகிறோம். மட்கினால் செம்பருத்திக்கு உரம். ரப்பர் மரத்தடியைத் தொடுவதே இல்லை. அது விழுந்த இடத்திலேயே கிடக்கட்டும்.

போன வாரம் தம்பியின் முறை. வந்ததும் நேராகக் கால்வாய்ப் பக்கம் போய் இலையை அள்ள ஆரம்பித்தான். விளக்குமாற்றை வாங்கலாம் என்று போனால் பாட்டி கொடுக்கவில்லை. "உனக்குக் கூட்டத் தெரியல. நீ அள்ளு, நான் கூட்டுறேன்" என்றார். எட்டு மணிக்கெல்லாம் வாசல் சுத்தம். எட்டரைக்குக் காற்று வந்தது. தம்பி மேலே மரத்தைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், மறுபடியும் கூடையை எடுத்துக்கொண்டான்.