மனசில்லாமல் நட்ட கன்று

நல்லது செய்ய மனசு வேண்டுமா, ஆள் வந்தால் போதுமா? 2013 கம்பெனிகள் சட்டத்தின் 135ஆம் பிரிவு மனசைப் பற்றிக் கேட்பதில்லை. நிகர லாபம் 5 கோடியை எட்டினாலே, முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி லாபத்தில் 2 சதவீதம், அவ்வளவுதான். அது எங்கள் டீமுக்கு வந்து சேரும்போது ஒரு சனிக்கிழமையாகவும் ஒரு டி-ஷர்ட்டாகவும் மாறிவிடுகிறது.

சித்திரை வெயிலில் எடப்பாடிப் பக்கம் ஓர் ஏரிக்கரை. பதினாறு பேருக்கு மூன்று மண்வெட்டி. டெஸ்டிங்கில் இருப்பவன் ஷூவைத் துளைத்த சீமைக்கருவேல முள்ளோடு உட்கார்ந்துவிட்டான். மேனேஜர் ஒரே கன்றை நாலு தடவை நட்டார், போட்டோ சரியாக வரும்வரை. நான் அப்ரைசலுக்காக வந்தவன். தறிக்குடோனிலிருந்து வந்த ஒரு அம்மா, "ஏங்கண்ணு, இந்த வெயில்ல யாராச்சும் செடி வெப்பாங்களா? ஐப்பசில வந்திருக்கலாமில்ல?" என்றார். திட்டிக்கொண்டே குடத்தில் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றினார்.

நற்செயலில் மகிழாதவன் நல்லவனே இல்லை என்பார் அரிஸ்டாட்டில். எங்கள் பஸ்ஸில் ஒருவர் தேறமாட்டார். கான்ட் 1785இல் வேறு மாதிரி சொன்னார்: விருப்பமே இல்லாதபோதும் கடமைக்காகச் செய்வதில்தான் ஒழுக்க மதிப்பு துலங்குகிறது. உடனே சந்தோஷப்பட வேண்டாம். அப்ரைசல் கடமையில் சேராது. வியாபாரம் கெடக்கூடாதென்று சரியான விலை சொல்லும் கடைக்காரர் அவரிடமும் பாஸ் ஆகவில்லை.

இருவருமே நட்டவனின் மனசைத்தான் நோண்டுகிறார்கள், கன்றைப் பார்ப்பதாகத் தெரியவில்லை. அந்த அம்மாவுக்கு எங்கள்மேல் எரிச்சல்தான். தினமும் ஊற்றுகிறாராம்.