இசைவுக்கு முந்திய வழிபாடு

தமிழ்நாட்டுப் பள்ளிகளில் காலைக் கூட்டத்தை மாணவரும் ஆசிரியரும் ‘பிரேயர்’ என்றே சொல்கின்றனர். கொடி வணக்கம், திருக்குறள் விளக்கம், செய்தி வாசிப்பு, உறுதிமொழி, தலைமையாசிரியரின் அறிவிப்பு எனப் பல கூறுகள் அடங்கிய கூட்டம் முழுமைக்கும் வழிபாட்டின் பெயரே நிலைத்துவிட்டதால், அதில் எது வழிபாடு, எது பள்ளி ஒழுங்கு என்று பிரித்துப் பார்க்கும் தேவை பெரும்பாலோருக்கு நேர்வதில்லை. பிற சமயத்தார் நடத்தும் பள்ளியில் பயிலும் முஸ்லிம் மாணவருக்கு அத்தேவை நாள்தோறும் நேர்கிறது. எந்தச் சொல்லைச் சேர்ந்து சொல்லலாம், எந்தச் செயலில் சேராமல் நிற்க வேண்டும் என்பதை அவர் பலர் பார்க்கும் இடத்தில், சில நொடிகளுக்குள் முடிவு செய்ய வேண்டியிருக்கிறது. இதற்கு மார்க்க அறிஞர்களும் சட்ட அறிஞர்களும் தனித்தனியே விடை கண்டிருப்பினும், இரு விடைகளும் சந்திக்கும் இடம் ஒன்று உண்டு: அதுவே இசைவு, அதாவது உள்ளம் ஒப்பித் தரும் சம்மதம்.

இஸ்லாமிய நோக்கில் இக்கேள்வியின் வேர் தவ்ஹீத் என்னும் ஓரிறைக் கொள்கையில் இருக்கிறது. இபாதத் எனப்படும் வணக்க வழிபாடு இறைவன் ஒருவனுக்கே உரியது. அதில் எந்த அளவிலேனும் வேறொன்றைச் சேர்ப்பது ஷிர்க், அதாவது இணைவைத்தல். தமிழ் முஸ்லிம்கள் கலிமா என்னும் நம்பிக்கை உறுதிமொழியின் பொருளைத் தமிழில் சொல்லும்போது இபாதத்துக்கு நேராக ‘வணக்கம்’ என்னும் சொல்லையே ஆள்வதால், பள்ளியில் ஆசிரியருக்குச் சொல்லும் அன்றாட ‘வணக்கம்’ கூடத் தகுமா என்ற விவாதம் அவர்களிடையே நெடுங்காலமாக நிகழ்ந்துவருகிறது. வழக்கில் அது மரியாதைச் சொல்லாகத் தேய்ந்துவிட்டது என்று ஏற்போரும், பொருள் இரட்டுறுவதால் தவிர்ப்போரும் உளர். ஒரே சொல்லில் மரியாதையும் வழிபாடும் இவ்வாறு பின்னிக் கிடப்பதே காலைக் கூட்டத்தின் சிக்கலுக்கும் சிறு வடிவான சான்றாகிறது.

வழிபாட்டைப் பிற செயல்களினின்று பிரித்தறிய ஃபிக்ஹு என்னும் மார்க்கச் சட்டவியல் சொல், செயல், நிய்யத் ஆகிய மூன்றையும் நோக்குகிறது. நிய்யத் என்பது ஒரு செயலை இன்னதற்காகச் செய்கிறேன் என்று உள்ளத்தில் கொள்ளும் எண்ணம். கிறித்தவப் பள்ளி ஒன்றின் செபத்தை இவ்வளவையால் நோக்கினால் படிகள் தெளிவாகும். மற்றவர் செபிக்கையில் அமைதியாக எழுந்து நிற்பது மரியாதை. அறிவும் நல்லொழுக்கமும் வேண்டும் பொதுவான வேண்டுதலுக்குத் தனக்குள் தன் இறைவனை நினைத்து ‘ஆமீன்’ சொல்வது பலரால் பொறுத்துக்கொள்ளப்படுவது. நெற்றியிலும் மார்பிலும் தோள்களிலும் சிலுவை அடையாளம் வரைவதோ, இயேசுவின் திருநாமத்தில் கேட்பதாகச் செபத்தை முடிப்பதோ, அச்சமயத்தின் நம்பிக்கையையே அறிக்கையிடுவதாகையால் முஸ்லிமுக்கு இயலாதது. சரசுவதி பூசையிலும் இவ்வாறே: கூடத்தைத் தூய்மை செய்ய உதவுவது ஒன்று, படத்தின்முன் புத்தகம் வைத்துக் கைகூப்புவது வேறொன்று. பூசைக்குப் பின் தரப்படும் சுண்டலைப் படைக்கப்பட்டதாகக் கருதி மறுக்கும் மாணவர், படையலுக்கு வைக்காத பொங்கலைத் தோழர் வீட்டில் மகிழ்ந்து உண்பதில் முரண் ஏதுமில்லை.

இவ்வகைப் பிரிப்பு பிற்காலத்தார் கண்டுபிடித்ததன்று. கி.பி. 615 அளவில் மக்காவின் கொடுமைக்கு அஞ்சி அபிசீனியாவுக்குக் குடிபெயர்ந்த முதல் முஸ்லிம்கள் நஜ்ஜாஷி என்னும் கிறித்தவ மன்னரின் அடைக்கலத்தில் வாழ்ந்தனர். அவரது அவையில் நுழைவோர் மன்னரைத் தாழ்ந்து பணிவது வழக்கமாக இருந்தும், குடிபெயர்ந்தோருள் ஒருவரான ஜஅஃபர் இப்னு அபீ தாலிப் சலாம் மட்டும் சொல்லிப் பணியாமல் நின்றார் என்றும், இறைவனுக்கன்றி ஸஜ்தா, அதாவது நெற்றி நிலம்படப் பணிதல், செய்வதில்லை என விளக்கினார் என்றும் ஹதீஸ் அறிவிப்புகள் கூறுகின்றன. நன்றியுணர்வும் நல்லுறவும் குறையாமலே ஒரு செயலினின்று விலகி நிற்க இயலும் என்பதற்கு முஸ்லிம்கள் இந்நிகழ்வைச் சான்று காட்டுவர். ஸஹீஹுல் புகாரி என்னும் ஹதீஸ் தொகுப்பில் கிறித்தவத் தேவாலயத்தில் தொழுவது குறித்துத் தனித் தலைப்பே உள்ளது. உருவங்கள் இருப்பதால் கலீஃபா உமர் உள்ளே செல்ல மறுத்ததையும், உருவங்கள் இல்லாத ஆலயத்தில் நபித்தோழர் இப்னு அப்பாஸ் தொழுததையும் அது குறிக்கிறது. பிற சமயத்தாரின் இடம் விலக்கப்படவில்லை, அங்கு எது செய்யப்படுகிறது என்பதே ஆராயப்பட்டது என்பது இதனால் விளங்கும்.

மாணவர் சிறுவராகவும் இருப்பதால் வேறிரு கருத்துகளும் இங்குப் பொருந்துகின்றன. முதலாவது தக்லீஃப், அதாவது மார்க்கக் கடமைக்குப் பொறுப்பேற்கும் நிலை. பருவமடையாத குழந்தைக்கு அப்பொறுப்பு இல்லையாதலால், சேர்ந்து பாடிய சிறுமி பாவியாகிவிட்டாள் என்று அஞ்சுவதற்கு இடமில்லை. எனினும் வளர்ப்பின் பொறுப்பு பெற்றோரைச் சார்ந்தது. இரண்டாவது இக்ராஹ் என்னும் வற்புறுத்தல். சித்திரவதைக்கு உட்பட்டு நம்பிக்கை மறுப்புச் சொல்லை உரைக்க நேர்ந்த நபித்தோழர் அம்மார் இப்னு யாசிரை நபிகள் நாயகம் தேற்றியதும், உள்ளம் உறுதியாயிருக்க நிர்ப்பந்தத்தால் சொன்னவருக்குக் குர்ஆனின் 16ஆம் அத்தியாயம் 106ஆம் வசனம் விலக்களித்ததும் நன்கறியப்பட்டவை. இவ்விலக்கு மாணவரின் குற்ற உணர்வை நீக்குமேயன்றி, வற்புறுத்தியவரின் செயலை முறையாக்காது.

இனிச் சட்டத்தின் தரப்பு. இங்கிலாந்தில் 1944ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் பள்ளி நாளைக் கூட்டு வழிபாட்டுடன் தொடங்கக் கட்டளையிட்டது. 1988ஆம் ஆண்டுச் சட்டம் அவ்வழிபாடு பெரும்பாலும் பொதுவான கிறித்தவத் தன்மையுடையதாக இருக்க வேண்டும் என்றது. பிள்ளையை விலக்கிக்கொள்ளும் உரிமை பெற்றோருக்கு அங்கு உண்டு. ஆனால் அவர்கள் கேட்டால்தான் விலக்கு கிடைக்கும், கேளாதவரை இசைந்தவராகவே கொள்ளப்படுவர். இந்திய அரசியலமைப்பின் 28ஆம் உறுப்பு இம்முறையைத் தலைகீழாக்கியது. முழுவதும் அரசுப் பணத்தில் நடக்கும் பள்ளியில் சமயப் போதனை கூடாது என்பது அதன் முதற்கூறு. அரசின் அங்கீகாரமோ உதவியோ பெற்ற பள்ளியில், மாணவரோ, அவர் சிறுவராயின் காப்பாளரோ இசைவு தந்தாலன்றிச் சமயப் போதனையிலும் வழிபாட்டிலும் கலந்துகொள்ளுமாறு எவரையும் வேண்டலாகாது என்பது மூன்றாம் கூறு. அங்கே மறுப்பு தெரிவிக்கும்வரை வழிபாடு தொடர்கிறது. இங்கே இசைவு தரும்வரை வழிபாடு காத்திருக்க வேண்டும்.

ஆனால் நடைமுறையில் இந்தியப் பள்ளிகளும் இங்கிலாந்தின் முறைக்கே நழுவிவிட்டன. சேர்க்கைப் படிவத்தில் சாதி, இரத்த வகை, பேருந்துத் தடம் வரை கேட்கும் பள்ளி, வழிபாட்டுக்கு இசைவு உண்டா என்று கேட்பது அரிது. வரிசையில் நிற்கும் பிள்ளை தானே கையை இறக்கினால்தான் இசைவின்மை வெளிப்படுகிறது. அப்போது அது உரிமையாகத் தோன்றாமல் ஒழுங்கீனமாகத் தோன்றுகிறது. நாட்டுப்பண் பாடப்படுகையில் எழுந்து நின்று, சமய நம்பிக்கையின் காரணமாகப் பாடாமல் மட்டும் இருந்ததற்காகக் கேரளப் பள்ளியினின்று நீக்கப்பட்ட யெகோவா சாட்சிகளின் பிள்ளைகள் மூவரது வழக்கில், 1986இல் உச்ச நீதிமன்றம் அந்நீக்கம் செல்லாது என்று தீர்ப்பளித்தது. மரியாதையுடன் கூடிய மௌனம் அவமதிப்பாகாது என்னும் அத்தீர்ப்பின் அடிப்படை, நாட்டுப்பண்ணுக்கே பொருந்துமாயின் சமயச் செபத்துக்கு மேலும் பொருந்தும்.

இதற்கு எதிராகச் சொல்லப்படும் வாதம், பள்ளியில் ஓதப்படுவது எல்லாச் சமயத்துக்கும் பொதுவான கருத்து என்பதாகும். கேந்திரிய வித்யாலயங்களில் ஓதப்படும் உபநிடத வேண்டுதல் குறித்த வழக்கிலும் அரசுத் தரப்பு இவ்வாறே வாதிட்டது. 2019 சனவரியில் அவ்வழக்கைப் பெரிய அமர்வு கேட்கத் தக்கது என நீதிபதிகள் கருதினர். அவ்வேண்டுதலில் வரும், இருளினின்று ஒளிக்குச் செல்லும் விழைவு எவருக்கும் உரியது என்பதை மறுப்பதற்கில்லை. ஆயினும் ஒரு வேண்டுதல் பொதுவானதா என்பதை அதன் பொருள் மட்டும் முடிவு செய்வதில்லை. ஓதும் மொழியும், கைகூப்பிக் கண்மூடும் முறையும், எதிரே இருக்கும் விளக்கோ படமோ சேர்ந்தே முடிவு செய்கின்றன. மேலும், பொதுவானது என்று சொல்பவர் எப்போதும் அவ்வடிவத்துக்குள்ளேயே வளர்ந்தவராக இருக்கிறார். முஸ்லிம்கள் நடத்தும் கல்வி நிலையங்களில் விழாவைத் தொடங்கும் கிராஅத், அதாவது குர்ஆன் ஓதுதல், அங்குள்ளோருக்குப் பொதுவான மங்கலமாகவே தோன்றும். அங்குப் பயிலும் இந்து, கிறித்தவ மாணவருக்கும் 28ஆம் உறுப்பு அதே சொற்களில் அதே காப்பை அளிக்கிறது. தனக்குக் கேட்கும் உரிமையைத் தன் பள்ளியில் பிறருக்குத் தராத சமூகம், தன் கோரிக்கையைத் தானே வலுவிழக்கச் செய்கிறது.

நிய்யத் பற்றிய கருத்து இங்கு இரு தரப்புக்கும் துணையாகிறது. எண்ணமின்றிச் செய்த தொழுகை தொழுகையாகாது என்று கொள்ளும் மார்க்கம், எண்ணமின்றிப் பிறர் சொல்லும் செபத்தைச் செபமென மதிக்க இயலாது. உள்ளம் உருகாத உச்சரிப்பைப் பத்தி என்று பத்தி நெறியும் கொள்வதில்லை. ஆகவே இசையாத பிள்ளையை வாயசைக்க வைப்பதனால் அப்பிள்ளையின் சமயம் காயப்படுவதுடன், வழிபாடு நடத்துவோரின் சமயமும் வெறும் ஓசையாகக் குறைந்துவிடுகிறது. சேர்க்கையின்போதே எழுத்தில் இசைவு கேட்பது, வழிபாட்டைக் கூட்டத்தின் பிற கூறுகளினின்று நேரத்தால் பிரிப்பது, விலகுவோர் வெளியே நிறுத்தப்படாமல் வரிசையிலேயே அமைதியாக நிற்க விடுவது ஆகியவை எளியன. இவற்றால் எந்தப் பள்ளியின் சமய அடையாளமும் குன்றாது.

தமிழில் ‘பள்ளி’ என்பது ஒரு காலத்தில் சமண, பௌத்தத் துறவியர் உறைவிடத்தைக் குறித்தது. இன்று குழந்தைகள் பயிலும் பள்ளிக்கூடத்துக்கும் முஸ்லிம்கள் தொழும் பள்ளிவாசலுக்கும் பெயராக நிற்கிறது. மூன்றுக்கும் ஒரு பெயர் வழங்கினும், எது எந்தப் பள்ளி என்று தமிழர் ஒருபோதும் மயங்கியதில்லை. காலை மணி அடித்தபின் கூடும் வரிசையிலும் அத்தெளிவு வேண்டும்.