ஆகாரின் தாகம்

சில ஆண்டுகளுக்கு முன் முதுகலை வகுப்பில் குறியீடு பற்றிப் பாடம் நடத்தியபோது விவிலியத்தின் ஆகார் கதையை எடுத்துக்கொண்டேன். ஆபிரகாமின் வீட்டிலிருந்து மகனோடு துரத்தப்பட்ட எகிப்திய அடிமைப்பெண் அவள். வனாந்தரத்தில் தோல்பையின் தண்ணீர் தீர்ந்துபோகிறது. பிள்ளை சாவதைப் பார்க்கச் சகிக்காமல், அவனை ஒரு செடியடியில் விட்டுவிட்டுத் தள்ளிப்போய் உட்கார்ந்து அழுகிறாள். அப்போது கடவுள் அவள் கண்களைத் திறக்கிறார். அவள் ஒரு கிணற்றைக் காண்கிறாள். வனாந்தரம் மனத்தின் வறட்சி, கிணறு கற்பனையின் ஊற்று என்று விளக்கினேன். வகுப்பு தலையாட்டியது. பின்வரிசையிலிருந்து ஒரு மாணவி கேட்டாள்: "அப்போ அவளுக்கு நெஜமாவே தாகம் எடுக்கலையா மேடம்?"

மணி அடித்துவிட்டது. கேள்வி என்னோடு வீட்டுக்கு வந்தது.

விவிலியக் கதைகளை அகத்தின் நிகழ்வுகளாக வாசிப்பது மிகப் பழைய வழக்கம். கி.பி. முதல் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவில் வாழ்ந்த யூதத் தத்துவவாதி ஃபைலோ, ஆதாமை அறிவாகவும் ஏவாளைப் புலனுணர்வாகவும் வாசித்தார். பார்படோஸில் 1905இல் பிறந்து அமெரிக்காவில் உரைகள் நிகழ்த்திய நெவில் காடர்ட், விவிலியம் முழுவதும் மனிதப் பிரக்ஞைக்குள் நடக்கும் நாடகம், மனிதக் கற்பனையே கடவுள் என்றார்.

இப்படிப்பட்ட வாசிப்பு எனக்கும் தேவைப்பட்டது. அடங்கு, காத்திரு, பொறுத்துக்கொள் என்று கட்டளைகளாகவே கதைகளைக் கேட்டு வளர்ந்த பெண்ணுக்கு, அவை தனக்குள் நடக்கும் பயணங்கள் என்று அறிவது பெரிய ஆசுவாசம். யோனா கிடந்த மீன்வயிறு நம் இருட்டாகிறது. எகிப்தைவிட்டுப் புறப்படுவது நம் புறப்பாடாகிறது. யாருடைய அனுமதியும் இல்லாமல் பிரதிக்குள் நுழைந்துவிடுகிறோம்.

நுழைந்தபின் கவனிக்க வேண்டியது, அங்கே யாருக்கு எந்த இடம் என்பதை. ஃபைலோவின் அகத்தில் அறிவு ஆண். அதை வழிதவறச் செய்யும் புலன் பெண். சாராள் ஞானம், ஆகாரோ அதற்கு முன் கற்க வேண்டிய தொடக்கக் கல்வி. ஞானம் வாய்த்துவிட்டால் அவளை அனுப்பிவிடலாம். பவுல், கலாத்தியருக்கு எழுதிய நிருபத்தில், ஆகாரை அடிமைத்தனத்தின் உருவகமாக்குகிறார். அவளைத் துரத்தச் சொன்ன சாராளின் சொல்லையே வேதவாக்காக எடுத்துக்காட்டுகிறார். வீட்டிலிருந்து துரத்தப்பட்டவள் உருவகத்திலிருந்தும் துரத்தப்படுகிறாள்.

காடர்டின் வழியில் சிக்கல் இன்னும் கூடுகிறது. நாம் வாழும் உலகம் நம் கற்பனையின் விளைவு என்றால், ஆகாரின் அடிமைத்தனமும் அவள் கற்பனை செய்துகொண்டதா? அடிவாங்கும் பெண்ணிடம் 'உன் மனசை மாத்திக்கோ, எல்லாம் சரியாயிடும்' என்று சொல்லும் குரல் இதற்கு வெகு அருகில் இருக்கிறது.

அகப்பாடல்களைப் பாடம் நடத்துகிறவளுக்கு இங்கே தொல்காப்பியம் நினைவுக்கு வராமல் போகாது. அன்பின் ஐந்திணையில் தலைமக்களின் இயற்பெயரைச் சுட்டக்கூடாது என்பது அதன் விதி. பெயர் இல்லாததால் அந்தக் காதலும் பிரிவும் எல்லோருடையவையும் ஆகின்றன. ஆதியாகமத்தில் ஆபிரகாமும் சாராளும் பேசும் இடங்களில் ஆகாரின் பெயர் ஒருமுறைகூட வருவதில்லை. அவர்கள் வாயில் அவள் வெறும் அடிமைப்பெண். முதல் பெயரின்மை எல்லோருக்கும் இடம் தருகிறது. இரண்டாவது, ஒருத்தியின் இடத்தைப் பறிக்கிறது. ஒரு பெண்ணைக் குறியீடாக வாசிக்கும்போது இவற்றில் எதைச் செய்கிறோம் என்று நம்மையே கேட்டுக்கொள்ள வேண்டும்.

துரத்தப்படுவதற்குப் பல ஆண்டுகள் முன்பே, கர்ப்பிணியாக இருந்தபோது, கொடுமை தாளாமல் ஆகார் ஒருமுறை ஓடிப்போயிருக்கிறாள். அன்று நீரூற்றருகே தேவதூதன்தான் அவளை முதன்முதலில் பெயர் சொல்லி அழைக்கிறான். அவள் பதிலுக்குக் கடவுளுக்கே பெயர் வைக்கிறாள்: காண்பவர். விவிலியத்தில் கடவுளுக்குப் பெயரிடுபவள் இவள் ஒருத்திதான் என்று ஃபில்லிஸ் டிரிபிள் 1984இல் வெளிவந்த தம் நூலில் சுட்டிக்காட்டினார். அதே தூதன் 'திரும்பிப்போய் எஜமானிக்கு அடங்கியிரு' என்றும் சொல்கிறான். அதை 'அகந்தை அடங்குதல்' என்று அழகாக விளக்கிவிட்டுக் கடந்துபோக என்னால் முடியாது.

அமெரிக்கக் கறுப்பினப் பெண்கள் ஆகாரைத் தங்களுக்கான குறியீடாகவே கொண்டார்கள். டெலோரஸ் வில்லியம்ஸ் 1993இல் அதைப் பற்றி ஒரு நூலே எழுதினார். அடிமைப்பட்ட உடல், பிறருக்காகப் பெற்ற பிள்ளை, வழியில்லாத இடத்தில் உயிர்பிழைத்தல் எல்லாம் அவர்களுக்குத் தெரிந்தவை. அவர்களுடைய வாசிப்பில் ஆகார் இன்னொருவருடைய மனத்தின் ஒரு பகுதியாக இல்லை; அவளுக்கே ஒரு மனம் இருக்கிறது.

அந்த மாணவிக்கு இன்று பதில் சொல்வேன்: தாகம் எடுத்தது, நாக்கு வறள எடுத்தது. புதிதாக ஒரு கிணறு தோன்றியதாகக் கதை சொல்லவில்லை. கண் திறந்தது, கிணறு தெரிந்தது என்றுதான் சொல்கிறது. பயம் மறைத்திருந்ததைக் காண்பதுதான் கற்பனை என்றால், அந்தச் சொல்லை நான் இன்னும் விடவில்லை. ஆனால் கிணற்றைக் கண்டதும் அவள் செய்ததையும் சேர்த்தே படிக்க வேண்டும். தோல்பையை நிரப்பினாள். பிள்ளைக்குக் குடிக்கக் கொடுத்தாள்.