தின்னத் தின்னக் கூடும் கணக்கு

கந்தசஷ்டி நெருங்கினால் எங்கள் கரவெட்டிக் கோயிலில் புராணப் படிப்பு சூரபன்மன் வதைப் படலத்துக்கு வந்துவிடும். ஒருவர் செய்யுளை இழுத்து வாசிப்பார், நான் பயன் சொல்லுவேன். கந்தபுராணம் 10,345 செய்யுள். எல்லாவற்றுக்கும் தலையில் இடமில்லை. அந்தப் படலத்துக்கான குறிப்பைப் பதினைந்து வருடத்துக்கு முன்பே கொம்பியூட்டரில் அடித்து வைத்திருந்தேன்.

இந்த முறை அதைத் தேடப்போனால், பெட்டிக்குள் விசிறி தோட்டத்துக்குத் தண்ணி இறைக்கிற மோட்டர் மாதிரி இரைகிறது. ஒரு எழுத்து அடித்தால் அரை நிமிடம் கழித்துத்தான் திரைக்கு வருகிறது. நெல்லியடியிலிருந்து மருமகன் வந்து பார்த்தான். டிஸ்க் 100 சதவீதம். பட்டியலின் உச்சியில் சேர்ச் இண்டெக்ஸர்.

“உது பிழையில்லை மாமா. நீங்கள் கேட்கமுந்தியே எல்லாப் பைலையும் வாசிச்சு வைக்குது. நீங்கள் கை வைக்காமல் இருந்தால் கெதியாய் முடிக்கும்.”

இரவு முழுக்க விட்டேன். வாசிக்கவேண்டிய மிச்சம் நாற்பதாயிரத்திலிருந்து ஒன்பதாயிரத்துக்கு இறங்கியது. காலைச் சாப்பாடு முடித்து வந்து பார்த்தால் மறுபடி முப்பதாயிரம்.

பழி என்னுடையது. ஒருமுறை டிஸ்க் பழுதாகி எல்லாம் போனதிலிருந்து எனக்கு ஒரு பயம். மூன்று மணித்தியாலத்துக்கு ஒருதரம் நகல் எடுக்கும் மென்பொருள் ஒன்றைப் போட்டிருந்தேன். அது என் எழுத்துகள் இருக்கும் அதே கோப்புறைக்குள்ளேயே நகலையும் எழுதிக்கொண்டிருந்தது. இண்டெக்ஸருக்கு ஒவ்வொரு நகலும் புதுப் பைல். பாவம், விடிய விடிய ஒரே கட்டுரையைத் திரும்பத் திரும்ப வாசித்திருக்கிறது.

முப்பது வருடம் சைவசமயம் படிப்பித்தவனுக்கு இது புதுக்கதையா? கட்டிவைத்த வினைமூட்டை சஞ்சிதம். அதில் இந்தப் பிறவிக்கென்று எடுத்த பங்கு பிராரத்தம். அதைத் தின்னும்போதே மூட்டையில் ஏறுகிறது ஆகாமியம். ‘வினையை அனுபவித்துத் தீர்த்தால் வீடு’ என்று எந்தப் பிள்ளையாவது எழுதினால் புள்ளியைக் குறைப்பேன். தின்கிறவன் ‘நான் தின்கிறேன்’ என்று நினைத்தல்லவா தின்கிறான்? அந்த நினைப்பே அடுத்த விதைநெல். அதனால்தான் மெய்கண்டார் சிவஞானபோதத்தின் பத்தாம் சூத்திரத்தில் இறைபணியில் நிற்கச் சொன்னார். என் மூட்டையை ஊதவைத்ததும் ‘என்னுடையது போய்விடும்’ என்ற பயந்தான்.

மருமகன் பழைய இண்டெக்ஸை முற்றாக அழித்துவிட்டுப் புதிதாகக் கட்டப்போனான். தடுத்தேன். நகல் எழுதுகிற கை ஓயாமல் ஏட்டை மட்டும் கிழித்தால், அதற்குப் பெயர் மறுபிறவி. நகல்களை வேறு டிஸ்க்குக்கு மாற்றி, அந்த இடத்தைத் தேடல் எல்லையிலிருந்தும் நீக்கினோம். பின்னேரம் விசிறி அடங்கியது. மிச்சம் சைபர்.

‘முருகா’ என்று தேடினேன். ஒன்றும் இல்லை. ‘சூரபன்மன்’. அதுவும் இல்லை. அத்தனை வாசிப்பும் எங்கே போனது?

நெடுநேரம் கழித்துத்தான் உறைத்தது. அந்தக் காலத்தில் நாங்கள் அடித்ததெல்லாம் பாமினி எழுத்துருவில். கண்ணுக்குத்தான் தமிழ், பைலுக்குள் கிடப்பது ஆங்கில எழுத்துக் கூளம். இண்டெக்ஸர் ஓர் எழுத்தும் விடாமல் வாசித்திருக்கிறது. வாசித்தது முருகனை என்று அதற்குத் தெரியாது. பொறிகள் உயிரால் அறியும், ஆனால் உயிரை அறியா என்று ஐந்தாம் சூத்திரத்துக்கு எத்தனை தரம் உரை சொல்லியிருப்பேன்! உயிரும் தன்னை அறிவிக்கிற சிவனை அப்படித்தான் அறியாது என்று அங்கேயே வருகிறது. அந்தப் பாதியைச் சொல்லும்போது மட்டும் என் குரல் கொஞ்சம் தாழ்ந்துவிடும்.

பாமினியில் எந்த எழுத்துக்கு எந்த விசை என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. மறந்து எத்தனையோ வருடம். கண்ணை மூடிக்கொண்டு விரலை அதன் பாட்டுக்கு விட்டேன். ‘முருகா’வுக்கு நாலு விசை. தேடற்பெட்டியில் நாலு ஆங்கில எழுத்து விழுந்தது. பொருளற்ற எழுத்துகள். எண்ணி மூன்று நொடி. பதினொரு பைல் வரிசையாக வந்து நின்றது.

முதலாவதைத் திறந்தேன். திரை நிறைய ஆங்கிலக் கூளம்.

“நில்லுங்கோ மாமா,” என்றான் மருமகன். “இதிலை பாமினி எழுத்துரு இல்லை. போடவேணும்.”