வெறுக்கத் தக்கது எது?

தீமையை வெறுப்பது அறம். தீமை செய்தவருடைய இனம் முழுவதையும் வெறுப்பது அறமாகுமா? தாமிரபரணிக் கரையில் வாழும் நம்மை இவ்வினாவின் முன் நிறுத்தும் பழைய திரைப்படம் ஒன்று உண்டு. பி. ஆர். பந்துலு இயக்கி 1961-ஆம் ஆண்டு வெளிவந்த ‘கப்பலோட்டிய தமிழன்’ என்பதே அது. ம. பொ. சிவஞானம் எழுதிய வ. உ. சிதம்பரனாரின் வரலாற்றைத் தழுவிய அப்படம், வெளியான நாளில் வசூலில் தோற்றது. எனினும் அதில் சிவாஜி கணேசன் செக்கிழுக்கும் காட்சியைக் கண்டவர் மறத்தல் அரிது.

நிறத்தின் பெயரால் ஓரினம் மற்றோரினத்தைத் தாழ்த்திய காலம் அது. சிதம்பரனார் 1906-இல் சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கினார். 1908-இல் தூத்துக்குடி கோரல் மில் தொழிலாளர்க்குத் துணை நின்றார். நெல்லையில் தாமிரபரணிக் கரையில் விடுதலை முழக்கம் செய்தார். இவற்றையே ஆட்சியாளர் குற்றமாகக் கண்டனர். நீதிபதி பின்ஹே விதித்ததோ இரட்டை ஆயுள் தண்டனை. மேல்முறையீட்டில் அது குறைந்தது. ஆயினும் 1912-இல் அவர் விடுதலையானபோது கப்பலும் இல்லை. வழக்கறிஞர் சன்னதும் இல்லை.

இதைக் காணுங்கால் நம் நெஞ்சு கொதிக்கிறது. கொதிப்பது முறையே. ஆனால், 1911-இல் மணியாச்சி ரயில் நிலையத்தில் கலெக்டர் ஆஷ் சுட்டுக் கொல்லப்பட்டதும், சுட்ட வாஞ்சிநாதன் தம்முயிரையும் மாய்த்துக்கொண்டதும் நினைவுக்கு வரும்போது, கொல்லாமையைப் போற்றும் நாம் தயங்குகிறோம். வாஞ்சியின் தியாகத்தை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. ஆயினும் அச்செயலைக் கொண்டாட நம் மனம் இசையவில்லை. இத்தயக்கம் கோழைமையோ?

அன்று. சிதம்பரனாரின் பிற்கால வாழ்வே இதற்கு விடை. பறிபோன சன்னது திரும்பக் கிடைக்க உதவியவர் வாலஸ் என்னும் ஆங்கிலேய நீதிபதி. அந்நன்றியைப் போற்றித் தம் மகனுக்கு வாலேஸ்வரன் என்று பெயரிட்டார் சிதம்பரனார். வெள்ளையர் ஆட்சியில் செக்கிழுத்தவர் ஒரு வெள்ளையரின் பெயரை நாள்தோறும் அன்போடு அழைத்தார். அதனால் 1936-இல் மறையும்வரை அவருடைய விடுதலை வேட்கை தணிந்ததில்லை.

இம்சை மெய்யால் மட்டும் நிகழ்வதன்று. மனத்தாலும் மொழியாலும் நிகழ்வது. பிறப்பைக் கொண்டு ஒருவரைத் தீயவர் எனத் தீர்ப்பது மன இம்சை. நிறம் கண்டு நம்மைத் தாழ்த்தியோர் செய்த பிழையும் அதுவே. சாதி கண்டு அயலாரைத் தாழ்த்தும்போது நாமும் அதே பிழையைச் செய்கிறோம். செக்கிழுத்தவருக்காகக் கண்ணீர் வடிக்கும் நாம், நம் ஊரில் யாரைச் செக்கிழுக்க விட்டிருக்கிறோம் என்பதையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

நம் பிள்ளைகளுக்கு இப்படத்தைக் காட்டுவோம். அது முடிந்தபின், வாலேஸ்வரன் என்னும் பெயர் வந்த வரலாற்றையும் மறவாமல் சொல்லுவோம்.