சுவை பிறவியிலேயே வருவதா?

சீர்காழி சட்டைநாதர் கோயிலில் ஈசன் மூன்று நிலைகளில் எழுந்தருளியிருக்கிறார். கீழே பிரம்மபுரீஸ்வரர், லிங்கமாக. கட்டுமலைப் படியேறினால் தோணியப்பரும் பெரியநாயகியும், பெரிய சுதை வடிவில். அதற்கும் மேலே சட்டைநாதர், பைரவக் கோலத்தில். வருகிறவர்கள் மூவரையும் கும்பிட்டுவிட்டுத்தான் இறங்குகிறார்கள். ஆனாலும் மனம் தோய்கிற இடம் ஆளுக்கு ஆள் வேறு. கண்ணும் முகமும் இல்லாத கல்லின் முன்னால் நிறைந்துபோகிறவர் ஒருவர். அம்மையும் அப்பனுமாகப் பக்கத்தில் பக்கத்தில் அமர்ந்திருப்பதைப் பார்த்தால்தான் உருகுவேன் என்பவர் இன்னொருவர். உக்கிரத்தின் முன் நின்றால்தான் அடங்குகிற மனமும் உண்டு. இந்த வேறுபாடு பிறவிச் சுபாவம்தான் என்றால் அடுத்த கேள்வி தானே எழுகிறது: பக்தியும் அப்படித்தானா? பண் கேட்டு நெகிழும் சுபாவம் வாய்த்தவருக்கு மட்டும்தான் சம்பந்தரின் பாட்டா?

உளவியலாளர்கள் இதே கேள்வியை வேறு களத்தில் கேட்டிருக்கிறார்கள். அமெரிக்காவில் ரென்ட்ஃப்ரோ, காஸ்லிங் இருவரும் 2003இல் வெளியிட்ட ஆய்வு பெயர்பெற்றது. ஜாஸ், ப்ளூஸ், செவ்வியல் இசை ஆகியவற்றை விரும்புகிறவர்களிடம் புதிய அனுபவங்களை வரவேற்கும் மனத்திறப்பு கூடுதலாக இருப்பதாக அவர்கள் கண்டார்கள். ஓவியத்திலும் ஏறக்குறைய இதே கதைதான்: உருவமற்ற அரூப ஓவியங்களை ரசிப்பவர்கள் இந்தக் குணத்தில் சற்று மேலே நிற்கிறார்கள். இதை வைத்து, ஜாஸ் ரசிகன் பிறக்கிறான், அவனை உருவாக்க முடியாது என்று பேசுவது சுலபம். ஆனால் ஷேஃபரும் மெல்ஹார்னும் 2017இல் அதுவரை வந்திருந்த பல ஆய்வுகளை ஒன்றுசேர்த்து அலசியபோது, குணத்துக்கும் இசை விருப்பத்துக்கும் உள்ள தொடர்பு மிகச் சிறியதாகவே தேறியது. மனத்திறப்பு என்ற அந்த ஒரு குணம் மட்டும் ஓரளவு தாக்குப்பிடித்தது. தொடர்பு இருக்கிறது என்று வைத்துக்கொண்டாலும், அது எந்தத் திசையில் ஓடுகிறது என்பது பாக்கி. திறந்த மனம் ஜாஸைத் தேடிப் போகிறதா, ஜாஸ் கேட்டுக் கேட்டு மனம் திறக்கிறதா?

சைவ சித்தாந்தம் இந்த இடத்தில் சொல்வதை நான் மிகவும் மதிக்கிறேன். சுபாவ வேறுபாட்டை அது மறுக்கவில்லை. சரியை, கிரியை, யோகம், ஞானம் என்று நான்கு நெறி வகுத்து, அப்பர், சம்பந்தர், சுந்தரர், மாணிக்கவாசகர் என்று நெறிக்கொருவரை முன்னிறுத்தியது. எல்லாரையும் ஒரே வழியில் தள்ளவில்லை. அதே சமயம், உயிருக்கு நிலையான சாயம் ஒன்று உண்டு என்றும் அது ஏற்கவில்லை. எதைச் சார்கிறதோ அதன் தன்மையாகவே ஆகிவிடுவது உயிரின் இயல்பு என்பது மெய்கண்டார் வழியில் வரும் அடிப்படைக் கருத்து. பளிங்கின் அருகில் எந்த நிறத்தை வைத்தாலும் பளிங்கு அந்த நிறமாகத் தெரிவதைத்தான் இதற்கு உவமையாகச் சொல்வார்கள். அப்படிப் பார்த்தால் ருசி சுபாவத்தின் விளைவு மட்டுமல்ல, சுபாவத்தை ஆக்குவதும்கூட. மனம் முதலில் எங்கே நிற்கும் என்பதைக் குணம் தீர்மானிக்கலாம். அங்கேயே நின்றுவிடும் என்று யார் சொன்னது?

சம்பந்தரின் பாடல்களே இதற்குச் சாட்சி. சீர்காழிக்குப் பன்னிரண்டு பெயர். அந்த ஊரைப் பாடும்போது அவர் மாலைமாற்று செய்கிறார்: முன்னிருந்து படித்தாலும் பின்னிருந்து படித்தாலும் எழுத்து ஒன்றாகவே வரும். ஏகபாதத்தில் ஒரே அடி நான்கு முறை வந்து நான்கு பொருள் தரும். எழுகூற்றிருக்கையில் எண்கள் ஏறி ஏறி இறங்கும். புதிர் பிடிக்கிற மூளைக்கு இவை விருந்து. அதே ஊரில் அதே வாய், எழுத்தறியாதவரும் தாளத்தோடு கூடவே பாடக்கூடிய பதிகங்களையும் தந்தது. இப்படி ஆளுக்கேற்ற வடிவத்தில் கடவுளைக் கொடுத்தால், கடவுள் நம் சுபாவத்தின் பிம்பம் ஆகிவிடாதா என்று கேட்கலாம். கனமான ஆட்சேபம் இது. ஆனால் மூன்று சன்னதியும் ஒரே கோயிலில்தான் இருக்கின்றன. லிங்கத்தைக் கும்பிட வந்தவர் படியேறி பைரவரையும் எதிர்கொள்கிறார். தனக்குப் பிடிக்காத வடிவத்தின் முன்னாலும் நிற்க வைக்கிற ஏற்பாட்டைப் பிம்பம் என்று சொல்ல முடியாது.

காவிரிக் கரை இன்னொரு வலுவான சான்றும் வைத்திருக்கிறது. ஜாஸின் உயிர் அந்த நேரத்தில் பிறக்கும் கற்பனை. அப்படிப்பட்ட இசைக்குத் தனி மனவார்ப்பு வேண்டும் என்றால், சுவாமி புறப்பாட்டில் டி.என். ராஜரத்தினம் பிள்ளை நாதஸ்வரத்தில் தோடியை விரித்துக்கொண்டே போனபோது தெருவில் நின்ற கூட்டத்தை என்ன சொல்வது? வயல் வேலை முடித்து வந்தவர், கடைக்காரர், குழந்தையை இடுப்பில் வைத்திருந்தவர் எல்லாரும் ஒரே குணவார்ப்பா? ஆண்டுக்கு ஆண்டு திருவிழாவில் கேட்டுத்தான் அந்தக் காது வந்தது. வரியோ சாகித்தியமோ இல்லாத ஒரு நீண்ட ஆலாபனையில் ராகம் எங்கே திரும்புகிறது என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

கேட்பதே எல்லாம் என்றால் ருசி வர்க்கத்தின் விஷயம் ஆகிவிடுகிறதே என்று சமூகவியலாளர் பியர் பூர்தியூவைப் படித்தவர்கள் சொல்வார்கள். 1979இல் வந்த அவருடைய நூலின் வாதம் அதுதான். பாதிக்கு மேல் ஒப்புக்கொள்கிறேன். இந்த டெல்டாவில் அதற்குச் சாதி என்ற கூர்மையும் உண்டு. உழுது நெல் விளைவித்த மக்களில் பெரும்பகுதியினர் ஆலய நுழைவுச் சட்டங்கள் வரும்வரை ஓதுவார் பாடும் மண்டபத்துக்குள்ளேயே போக முடியவில்லை. அவர்களில் எத்தனை பேருக்குப் பண்ணில் கரையும் சுபாவம் இருந்தது என்பதை எந்தக் குணப் பரிசோதனையாலும் இனி அறிய முடியாது. ஒரே ஊரில், ஒரே வாய்ப்போடு வளர்ந்த இரண்டு பிள்ளைகளில் ஒருத்தி மட்டும் பாட்டில் கரைவது வர்க்கத்தால் விளங்காது. அந்த மிச்சத்தில்தான் குணத்துக்கு வேலை. ஆனால் வாய்ப்பைச் சமமாக்கிய பிறகே அந்த மிச்சம் எவ்வளவு என்று பேச நமக்கு உரிமை வரும்.

2023 ஏப்ரலில் குடமுழுக்கின் யாகசாலைக்காக மண் தோண்டியபோது சட்டைநாதர் கோயிலில் ஐம்பொன் திருமேனிகளும் நானூற்றுக்கும் மேற்பட்ட தேவாரச் செப்பேடுகளும் கிடைத்தன. எழுத்தை முன்னோர் அவ்வளவு அக்கறையாகக் காத்திருக்கிறார்கள். பண்ணைச் செப்பேட்டில் காக்க முடியாது. அது ஓதுவார் குரலிலும் கேட்பவர் காதிலும்தான் இருக்கிறது. ஆகவே சீர்காழிப் பள்ளிப் பிள்ளைகள் மாலைப் பூசை நேரத்தில் மண்டபத்தில் உட்கார்ந்து ஒரு வருடமாவது பண் கேட்கட்டும், ஜாஸும் கேட்கட்டும். இது எனக்கு ஒத்துவராது என்று அதற்குப் பிறகு ஒரு பிள்ளை சொன்னால், அதை அந்தப் பிள்ளையின் சுபாவம் என்று நான் ஏற்றுக்கொள்வேன்.